கைபட்ட இடம்

நேற்று மாலை வரை ஓடிய வண்டி இன்று காலை ஓட மறுக்கிறது. இடையே நிகழ்ந்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டிக்குரியவர் அதை வீட்டு முற்றத்தில் நிறுத்தித் தம் கையாலேயே பராமரித்தார். பழைய வண்டி வைத்திருப்போர் அனைவரும் என்றேனும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய நிலை இது. அவ்வேளையில் மனித மனம் செல்லும் திசை வியப்புக்குரியது. பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்பார். பேட்டரி செத்துவிட்டது என்பார். வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி இரும்புக் கடைதான் கதி என்பார். தம் கைபட்ட இடத்தை மட்டும் அவர் மனம் சுற்றிக்கொண்டு போய்விடும். அங்கே புத்தம்புதிய உதிரிப்பாகம் அல்லவா பூட்டியிருக்கிறோம், அது எங்ஙனம் பழுதாகும் என்பது அவர் வாதம்.

அரசுப் பணிமனை ஒன்றில் கணக்கெழுதிக் காலம் கழித்தவன் நான். ஸ்பேனர் பிடித்தவனல்லன், பிடித்தவர்கள் கொடுத்த வேலைச் சீட்டுகளைப் படித்துப் பேரேட்டில் பதிந்தவன். மெக்கானிக்குகள் ஒரு சொல்லில் எழுதுவதை நான் நான்கு சொல்லில் எழுதவேண்டும். அதற்காகவே அவர்களிடம் சென்று விவரம் கேட்பேன். அவ்வாறு கேட்டுக் கேட்டே இந்த விஷயத்தில் ஓரளவு ஞானம் பெற்றேன். 'பராமரிப்புக்குப் பின் ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற குறிப்போடு வந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் செலவுக் கணக்கே எழுத நேர்ந்ததில்லை. பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்திருப்பார்கள். ஸ்பார்க் பிளக்கின் தொப்பி முழுதும் அழுந்தியிராது. பேட்டரி முனையின் திருகு விரலால் மட்டும் இறுக்கப்பட்டிருக்கும். ஒருமுறை காற்று வடிகட்டியின் வாயில் துடைத்த துணியே அடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டில் செலவு என்ற கட்டத்தில் 'துணி ஒன்று வரவு' என்று எழுதிவைத்த மெக்கானிக்கின் நகைச்சுவையை இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

நம் தீவுகளில் வீட்டுப் பராமரிப்பு என்பது பொழுதுபோக்காக வந்ததன்று; தேவையால் வந்தது. சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பல் வந்துசேர மூன்று நாள் அளவாகும். ஐந்து ரூபாய் வாஷர் ஒன்றுக்காக ஒரு மாதம் வண்டியை நிறுத்திவைத்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை ஓய்ந்த நாட்களில் உப்புக் காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும். செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு பூக்க ஒரு பருவம் போதும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தென் அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட்டின் நெல்வயல்களில் கடல்நீர் நிலையாகவே தங்கிவிட்டதை இவ்வூரார் அறிவர். உப்புநீரில் சக்கரம் நனைய வண்டியோட்டியவர்கள் வீடு திரும்பியதும் முதலில் வண்டியைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் தாம் குளித்தார்கள்.

சௌல்தாரி தலைநகருக்கு மேற்கே, ஃபெரார்கஞ்ச் வட்டத்தில் உள்ள சிற்றூர். அத்தலைநகரை நாம் போர்ட் பிளேர் என்று சொல்லிப் பழகியவர்கள். 2024 செப்டம்பரில் அது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சௌல்தாரி என்பதை இந்திச் சொல்லாகக் கொண்டால் சிறு கூடாரம் என்று பொருள்படும். பாக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் சூழ, பல மொழி பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் இடத்துக்கு அப்பெயர் பொருந்தாமலில்லை. சற்று அப்பால் சென்றால் வண்டூர், மஞ்சேரி, மண்ணார்க்காடு என்று மலையாள நாட்டுப் பெயர்கள் எதிர்ப்படும். 1921 கிளர்ச்சிக்குப் பின் இங்கே கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளை மக்கள் தம் ஊர்ப்பெயர்களையும் உடன் கொண்டுவந்து நட்டார்கள். தமிழர்களாகிய நாம் ஊர்ப்பெயர்களை அவ்வளவாகக் கொண்டுவரவில்லை. அம்மிக்கல் கொண்டுவந்தோம், முருகனைக் கொண்டுவந்தோம், சிலர் புல்லட்டும் கொண்டுவந்தோம்.

புல்லட்டைத் தமிழ் வண்டி என்று சொன்னால் மிகையாகாது. பிறந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச். வளர்ந்த ஊர் வடசென்னைத் திருவொற்றியூர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூடி என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. தொடக்கத்தில் கடல் கடந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பின்னர் பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்தில் 1970-இல் அத்தொழில் ஓய்ந்துபோன பின்னும் திருவொற்றியூரில் ஓயவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சின் பல்லாண்டுகள் அதே உருவில் வெளிவந்தது. புதிய வகை எஞ்சின் மிகப் பின்னரே வந்தது. பழைய எஞ்சினை மனிதன் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, திருப்புளியால் தொட்டுச் சரிசெய்ய முடியும். அதன் சிறப்பும் அதுவே, சிக்கலும் அதுவே.

சௌல்தாரியில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவ்வகையைச் சேர்ந்த 1978-ஆம் ஆண்டு வண்டி ஒன்று நிற்கிறது. சாலைப் பணியில் மேஸ்திரியாக இருந்த நண்பர் ஒருவர் அதைச் சென்னையில் வாங்கி, பெட்ரோலை வடித்துவிட்டு, ஹர்ஷவர்தனா கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் இறக்கியபோது கைப்பிடி சற்றே வளைந்திருந்ததாம். அந்த வளைவை அவர் கடைசிவரை நிமிர்த்தவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் அவர் காலமானார். வண்டி அவருடைய மகனுக்கு வந்தது. நல்ல பிள்ளை, நகரத்தில் கணினி வேலை. இந்தியும் ஆங்கிலமும் சரளமாக எழுதுவான். தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். நம் தீவுப் பிள்ளைகளில் பலர் அவ்வாறே என்பதைச் சங்க அன்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சென்னையிலிருந்து கடலடியில் வந்த கண்ணாடி இழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைக்கப்பட்ட பின் நம் வீடுகளுக்குள் காணொளி தடையின்றி நுழைந்தது. அதற்கு முன் ஒரு படம் இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். இந்தப் பிள்ளையும் காணொளி பார்த்தே கற்றான். வண்டி சில நாளாக இருமிக்கொண்டு ஓடியது. கான்டாக்ட் பாயின்ட் தேய்ந்துவிட்டது என்று சரியாகவே கணித்தான். புதிய பாயின்ட் செட் வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்றிப் பூட்டினான். பூட்டியபின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

அதன்பின் அவன் செய்ததைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். டேங்கைக் கவிழ்த்துப் புதிய பெட்ரோல் ஊற்றினான். சென்னைக்குப் புதிய இக்னிஷன் காயில் கேட்டு எழுதினான். இருபது நாட்களில் அந்த வண்டியில் கழற்றப்படாத பாகம் குறைவு. ஒரு பழுதைத் தேடி ஒன்பது இடங்களில் கைவைத்தால், முதற்பழுது ஒன்பது புதிய ஐயங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. இதனிடையே பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும் தவணை நெருங்கியது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். ஓடாத வண்டியை எங்கே கொண்டுபோவது? பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து விலை பேசினார். திங்கட்கிழமை லாரியோடு வருவதாக ஏற்பாடு. "அவரு போனப்புறம் அதுவும் போகுது, விடுங்கண்ணே" என்று பிள்ளையின் தாயார் என் மனைவியின் முன்னிலையில் சொன்னபோது, முகத்தை அடுப்பங்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை அங்கே போனேன். "மாமா, வீடியோவுல காட்டின மாதிரியே எல்லாம் செஞ்சேன்" என்றான். பொய்யில்லை. ஒவ்வொரு வேலையும் சுத்தமாகவே செய்திருந்தான்; திருகுகளின் தலைகூடச் சிதையவில்லை. காணொளியைக் குறைகூறுவோர் பலர். நான் அவ்வாறு கூறமாட்டேன். அது கையின் வேலையை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. அதில் வந்த வண்டி வேறு மாதிரி வண்டி, அதன் முகப்பில் அம்மீட்டர் இல்லை என்பது மட்டுமே குறை. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை அறிய, எஞ்சினுக்குள் பொறி பிறக்கும் விதத்தைச் சற்றே சொல்லவேண்டும்.

சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் அம்மீட்டர் வழியாகக் காயிலுக்குள் சென்று, அங்கிருந்து கான்டாக்ட் பாயின்டுக்கு வருகிறது. பாயின்ட் என்பது எதிரெதிராக அமைந்த இரண்டு சிறு உலோகப் பொட்டுகள். அவை சேர்ந்திருந்தால் மின்னோட்டம் அவற்றின் வழியே வண்டியின் உடலுக்குப் போய்ச்சேரும். மெக்கானிக்குகள் எர்த் என்பது அதைத்தான். எஞ்சின் சுழலும்போது ஒரு குமிழ் வந்து தள்ள, பொட்டுகள் விலகுகின்றன. ஓட்டம் சட்டென அறுகிறது. அறுந்த அந்தக் கணத்தில்தான் காயிலின் மற்றொரு சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கிறது. பொறி பிறப்பது மின்சாரம் ஓடும்போதன்று, அது அறும்போது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதியின் பிள்ளை இது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இதை மோட்டார் வண்டிக்கு இசைவாக அமைத்துத் தந்தார். பொட்டுகளுக்கு இடையே இருக்கவேண்டிய இடைவெளி புல்லட்டில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், நான்கைந்து தாள்களை அடுக்கிய கனம்.

பாயின்ட் மூடியிருந்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் செலவாகும். அம்மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். பாயின்ட் திறந்தால் செலவு நிற்கும். முள் நடுவுக்கு வரும். கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் சாய்வதும் நிமிர்வதுமாக ஆடவேண்டும். ஒரு கழற்றலும் இல்லாமல், நாற்காலியில் அமர்ந்தபடியே, மூடிக்குள் நடப்பதை வெளியே காட்டும் சன்னல் அது.

அப்பேச்சின் இடையேதான் தாயார் தேநீர்க் குவளையோடு வந்தார். "அவரு உசுரோட இருந்தப்ப தெனமும் ஒரே பேச்சுதான். முள்ளைப் பார்த்து உதைடா, முள்ளைப் பார்த்து உதைடான்னு பையன்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார்.

"ஆமா மாமா. நானும் எப்பவும் பார்த்துட்டுத்தான் உதைப்பேன்" என்றான் பிள்ளை.

"அப்படியானால் முள் இப்போது எங்கே நிற்கிறது, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவனுக்கு முள் என்றால் மீன்முள். அது தவறினால் காலில் குத்தும் முள். செருப்பில்லாத காலோடு கிக்கரை உதைக்கும் பிள்ளைக்குத் தந்தை தந்த எச்சரிக்கை அது என்றே இத்தனை ஆண்டும் எண்ணியிருக்கிறான். அம்மீட்டரில் ஆடுவது அவன் நாவில் 'நீடில்'. தகப்பனார் தமிழில் சொன்னார். பிள்ளை தமிழில்தான் கேட்டான். இருவருக்கும் இடையே முள் மட்டும் மாறிப்போயிற்று. தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கச் சற்று நேரமாயிற்று; நின்றபின் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை மட்டும் வண்டியின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரி தளர்ந்திருந்தபோதிலும் முள் இடப்பக்கம் சாய்ந்தது. கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினான். முள் அசையவில்லை. மீண்டும் அழுத்தினான், சாய்ந்த முள் சாய்ந்தபடியே நின்றது. பொட்டுகள் கண்ணுக்கு முன்னே விலகுகின்றன, மின்சாரமோ நிற்கவில்லை. வேறு எங்கோ ஒரு குறுக்கு வழியில் அது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். அறாத மின்னோட்டத்திலிருந்து பொறி எப்படிப் பிறக்கும்? முள் சாயாமல் நடுவிலேயே நின்றிருந்தால் கதை வேறு. எங்கோ கம்பி விட்டிருக்கும், அல்லது புதிய பொட்டுகளின்மேல் துருப்பிடியாமலிருக்கப் பூசிய பசை மின்சாரத்தைத் தடுத்திருக்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் அது தீரும். முள் ஒழுங்காக ஆடியும் பொறி இல்லையென்றால்தான் கண்டென்ஸரையும் காயிலையும் பிளக்கையும் ஐயுறவேண்டும். இந்தப் பிள்ளை மூன்றாவது நிலைக்குரிய மருந்தை முதல் நிலை நோய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சாவியை உடனே அணைக்கச் சொன்னேன். அவ்வாறு நெடுநேரம் விட்டால் காயில் சுடும், பேட்டரியும் வடிந்துபோகும். பின்பு பாயின்டின் மூடியைக் கழற்றினான். நான் செய்தது டார்ச் பிடித்ததுதான். பாயின்டின் வில்தகடு ஒரு சிறு தூணில் மாட்டப்பட்டிருக்கும். தகடும் காயிலின் கம்பியும் கண்டென்ஸரின் கம்பியும் ஒன்றையொன்று தொடவேண்டும். ஆனால் அம்மூன்றில் எதுவும் அடித்தட்டைத் தொடலாகாது. அந்தத் தீண்டாமையைக் காப்பவை நகக்கண் அளவே உள்ள சில ஃபைபர் வாஷர்கள். (உலகில் தீண்டாமை நன்மை செய்யும் இடம் இஃது ஒன்றுதான் என்று எங்கள் பணிமனைப் பெரியவர் ஒருவர் சொல்வார்.) மேலிருக்கவேண்டிய வாஷர் ஒன்று கீழே இருந்தது. கம்பியின் வளையம் அந்த இடத்தில் உலோகத்தோடு உலோகமாகப் படிந்திருந்தது. காணொளியில் அந்தக் கணத்தில் செய்பவரின் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்ததைப் பிள்ளை பின்னர் எனக்குக் காட்டினான்.

வாஷர்களை வரிசையாகத் தாளில் எடுத்துவைத்தான். ஒவ்வொன்றையும் பூட்டுமுன் இது எதை எதிலிருந்து பிரிக்கிறது என்று தனக்குத்தானே, இந்தியில், சொல்லிக்கொண்டான். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிபார்த்தான். சாவியைத் திருப்பிக் கிக்கரை அழுத்தினான். முள் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. "அம்மா, முள்ளு ஆடுது!" என்று அவன் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு வங்காளிப் பாட்டி வாசலுக்கு வந்துவிட்டார்.

அன்றிரவே ஸ்டார்ட் ஆயிற்று என்று எழுதினால் வாசிக்க நன்றாயிருக்கும். ஆகவில்லை. இருபது நாள் சோதனையில் பேட்டரி ஏறக்குறைய வடிந்திருந்தது. ஞாயிறு முழுதும் அதைச் சார்ஜில் வைத்தார்கள். திங்கள் விடியலில், மழை தூறிக்கொண்டிருக்கையில், தகப்பனார் செய்ததைத் தாயார் நினைவிலிருந்து சொல்ல, மகன் செய்தான்: முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அழுத்து, டீகம்ப்ரஸர் பிடியை இழுத்துக்கொண்டு இன்னும் இம்மியளவு தள்ளு, பிடியை விடு, கிக்கரை மேலே வரவிடு, பிறகு ஒரே உதை. மூன்றாவது உதையில் அந்தப் பழைய சத்தம் பாக்குத் தோப்பு முழுதும் கேட்டது. நான் என் வீட்டுத் திண்ணையில் இருந்தே கேட்டேன்.

பத்து மணியளவில் இரும்பு வாங்குபவர் லாரியோடு வந்தார். வண்டி நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். தாயார் வந்தவருக்குத் தேநீர் கொடுத்தார். பேசிய விலைக்குமேல் இருநூறு ரூபாய் தருவதாக அவர் சொல்லிப் பார்த்தார். பின்பு கொட்டிலின் மூலையில் துருவேறிக் கிடந்த இரண்டு மிதிவண்டி ரிம்களை எடைபோட்டு எடுத்துக்கொண்டு போனார்.